கலிகுலா: வரலாறு, திரைக்கதை, படத்தொகுப்பு

1979இல் இத்தாலியிலும் 1980 பிப்ரவரி 1ஆம் தேதி நியூயார்க்கிலும் வெளியான ‘கலிகுலா’, ரோமப் பேரரசின் மூன்றாம் பேரரசனுடைய எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லும் திரைப்படம். அதற்கு ஆன செலவு 1 கோடியே 75 லட்சம் டாலர். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கே ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர்தான் செலவானது. பீட்டர் ஓ’டூல், ஜான் கில்குட், ஹெலன் மிர்ரன், மால்கம் மெக்டவல் என ஆங்கில மேடையில் தேர்ந்த நடிகர்கள் அதில் நடித்தார்கள். இத்தனை இருந்தும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்குநர் என்று யாரும் இல்லை. டின்டோ பிராஸ் ‘முதன்மைப் படப்பிடிப்பு’ நடத்தியவராக மட்டும் குறிக்கப்படுகிறார். கதை, கோர் விடால் எழுதிய திரைக்கதையைத் தழுவியது என்று வருகிறது. படத்தொகுப்பாளர் பெயர் கிடையாது. தயாரிப்புத் தரப்பே தொகுத்ததாகப் போட்டிருக்கிறது. பெரும் பொருட்செலவில் எடுத்த ஒரு படத்தை, அதை எழுதியவரும் இயக்கியவரும் தங்களுடையது அல்ல என்று கைவிட்டார்கள். இந்தப் படத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஆபாசத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதில் உண்மையில் பறிபோனது ஓர் அரசியல் படம். அதை விளங்கிக்கொள்ள நாயகனிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கையஸ் யூலியஸ் சீசர் ஜெர்மானிக்கஸ் கி.பி. 12 ஆகஸ்ட் 31 அன்று, ரோமுக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள ஆன்டியம் நகரில் பிறந்தான். தந்தை ஜெர்மானிக்கஸ் ரைன் எல்லைப் படைகளின் தளபதி. வீரர்களும் பொதுமக்களும் கொண்டாடிய மனிதன். பாசறையில் சிறுவனுக்குப் படைவீரன் உடையையும் அதற்கேற்ற குட்டிக் காலணியையும் மாட்டி அழகு பார்த்தார்கள். அந்தக் காலணியை வைத்து வீரர்கள் இட்ட செல்லப்பெயர்தான் கலிகுலா. கி.பி. 19இல் தந்தை அந்தியோக்கியாவில் இறந்தான். நஞ்சு வைக்கப்பட்டது என்று ஊர் பேசியது. பேரரசன் திபேரியஸ், தாய் அக்ரிப்பினாவைப் பாண்டட்டேரியா தீவுக்கு நாடுகடத்தினான். அங்கே 33இல் அவள் பட்டினியால் மாண்டாள். அண்ணன்மார் இருவரும் சிறைப்பட்டு அழிந்தார்கள். குடும்பத்தை வேரறுத்தவனுடைய வீட்டிலேயே, காப்ரித் தீவில், 31ஆம் ஆண்டு முதல் கலிகுலா வாழ நேர்ந்தது. துயரத்தையோ கோபத்தையோ முகத்தில் காட்டினால் அடுத்த சாவு தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். அவன் எதையும் காட்டவில்லை.

37 மார்ச் 16 அன்று திபேரியஸ் இறந்தபோது கலிகுலாவுக்கு வயது 24. படை நடத்தியதும் இல்லை, மாகாணம் ஆண்டதும் இல்லை. ஆனாலும் ஜெர்மானிக்கஸின் மகன் என்பதால் ரோம் அவனைக் கைகூப்பி வரவேற்றது. முதல் மாதங்களில் அவன் செய்தவை பாராட்டுக்குரியவை. நாடுகடத்தப்பட்டவர்களைத் திருப்பி அழைத்தான். அரசின் வரவுசெலவுக் கணக்கை வெளியிட்டான். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் மன்றத்துக்குத் திருப்பித்தர முயன்றான். பின்னாளில் ரோமுக்கு நீர் கொண்டுவந்த இரண்டு பெரிய கால்வாய்களைக் கட்டத் தொடங்கியவனும் அவனே. இன்று வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்கும் ஒற்றைக்கல் தூணை எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தவனும் அவன்தான்.

37ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவன் கடும் நோயில் விழுந்தான். பிழைத்தெழுந்த பிறகு கொலைகள் தொடங்கின. வாரிசுரிமையில் பங்கு கொண்ட இளைஞன் கெமெல்லஸும், கலிகுலாவை அரியணையில் ஏற்றிய காவற்படைத் தலைவன் மாக்ரோவும் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்கள். 38இல் தங்கை துருசில்லா இறந்ததும் அவளைத் தெய்வமாக அறிவிக்கச் செய்தான். 39இல் செனட்டோடு வெளிப்படையாக முறிந்தான். 40இல் எருசலேம் ஆலயத்துக்குள் தன் சிலையை நிறுவ ஆணையிட்டான். சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் காலம் கடத்தியதால்தான் அங்கே பெரும் இரத்தக்களரி தவிர்ந்தது. 41 ஜனவரி 24 அன்று, பாலட்டைன் குன்றில் விழா நடந்துகொண்டிருந்த வேளையில், காவற்படை அதிகாரி காசியஸ் கெரியாவும் கூட்டாளிகளும் அரண்மனை நடைவழியில் அவனை வெட்டிச் சாய்த்தார்கள். மனைவி கேசோனியாவும் பெண் குழந்தையும் அன்றே கொல்லப்பட்டார்கள். ஆண்டது நான்கு ஆண்டுக்கும் குறைவு.  

இவனைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பகுதி இரண்டு நூல்களிலிருந்து வருகிறது. சூட்டோனியஸ் எழுதியது ஹேட்ரியன் காலத்தில், அதாவது கலிகுலா இறந்து ஏறத்தாழ 80 ஆண்டு கழித்து. காசியஸ் டியோ எழுதியது அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின். அக்காலத்தின் மிகக் கூர்மையான வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கலிகுலா ஆட்சியைப் பற்றி எழுதிய பகுதி முழுவதும் தொலைந்துபோயிற்று. சூட்டோனியஸின் நூல் காலவரிசையில் செல்வதில்லை. முதலில் ஆட்சியாளனின் நற்செயல்களை ஒரு கட்டாக வைக்கிறார்; பிறகு, இனிச் சொல்லப்போவது ஓர் அரக்கனைப் பற்றி என்று கோடு கிழித்துவிட்டு, கொடுமைகளையெல்லாம் ஆண்டு, சூழல் எதுவுமின்றி வரிசையாக அடுக்குகிறார். ஒரு செயல் எந்தச் சதிக்குப் பிறகு நடந்தது, யாருக்கு எதிராக நடந்தது என்பதெல்லாம் அறுந்துபோகிறது. எஞ்சுவது காரணமற்ற பைத்தியம். செனட் வகுப்பினர் பாதுகாத்து வைத்த நினைவு இது. அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது.

நேரில் கண்டவர்களின் குறிப்புகள் மிகச் சில. அவற்றில் மிக உயிரோட்டமானது அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் ஃபைலோ எழுதியது. தம் மக்கள்மீது நடந்த கலவரத்தைப் பற்றி முறையிட அவர் தூதுக்குழுவோடு ரோமுக்கு வந்தார். கலிகுலா அவர்களை ஒரு தோட்ட மாளிகையில் சந்தித்தான். அமர்ந்து கேட்கவில்லை. கட்டடங்களைப் பார்வையிட்டபடி ஒவ்வோர் அறையாக ஓடுகிறான், குறை சொல்கிறான், இதை மாற்று, அதை மாற்று என்று ஆணையிடுகிறான். முதிய தூதர்கள் மேலும் கீழுமாக அவன் பின்னால் ஓடுகிறார்கள். சட்டென்று திரும்பி, நீங்கள் ஏன் பன்றி இறைச்சி உண்பதில்லை என்று கேட்கிறான், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கும்போது அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். பல்லாயிரம் உயிர்களின் விதி அந்த ஓட்டத்துக்கு நடுவில் தொங்குகிறது. இது பித்தம் தலைக்கேறியவனின் நடத்தையாகத் தெரியவில்லை. தன் முன்னால் நிற்பவர்கள் எதையும் செய்ய முடியாதவர்கள் என்பதை நன்றாக அறிந்தவன், அந்த இயலாமையை அவர்களுக்கே காட்டி மகிழ்வதாகத்தான் படிக்க முடிகிறது.

இதே குணத்தை டியோ சொல்லும் ஒரு நிகழ்ச்சியிலும் காணலாம். 39இல் கலிகுலா செனட்டுக்கு வந்தான். திபேரியஸ் காலத்து வழக்கு ஏடுகளை எரித்துவிட்டதாக முன்பு சொல்லியிருந்தவன், அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்தான். யார்யார் தம் சக உறுப்பினர்களைக் காட்டிக்கொடுத்தார்கள், யார் பொய்ச்சாட்சி சொன்னார்கள், யார் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள் என்பது அந்த அவையிலேயே அம்பலமாயிற்று. திபேரியஸை உயிரோடு இருக்கும்போது புகழ்ந்து இறந்தபின் இகழ்ந்தவர்கள் தன்னையும் அப்படித்தான் நடத்துவார்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினான். மறுநாள் செனட் கூடி என்ன செய்தது? அவனுடைய கருணைக்கு நன்றி தெரிவித்து, ஆண்டுதோறும் பலி செலுத்தத் தீர்மானம் நிறைவேற்றியது.

கலிகுலா ஆட்சியின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் வரலாற்றாசிரியர் அலாய்ஸ் வின்டர்லிங் 2003இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, அவனுடைய செயல்களைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்காமல், உயர்குடியின் போலிப் பணிவைக் கிழித்துக் காட்டி அவமானப்படுத்தும் திட்டமாகப் படிக்கிறது. புகழ்பெற்ற குதிரைக் கதையையும் இப்படிப் பார்க்கலாம். இன்சிட்டாட்டஸ் என்ற பந்தயக் குதிரைக்குப் பளிங்குத் தொழுவமும் தந்தத் தொட்டியும் கொடுத்தது உண்மையாக இருக்கலாம். அதை ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் அமர்த்தினான் என்று பழைய நூல் எதுவும் சொல்லவில்லை. அமர்த்த எண்ணியதாக மட்டுமே சொல்கின்றன. அந்தப் பதவிக்காக வாழ்நாள் முழுவதும் குனிந்து நின்ற மனிதர்களைப் பார்த்து, உங்கள் இடத்தில் ஒரு குதிரையை வைக்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால், அதைவிடக் கூர்மையான வசை வேறு இல்லை. அவனுடைய கொடுமைகளை இந்த விளக்கம் மன்னித்துவிடுவதில்லை. கொடுமை எந்தத் திசையில் பாய்ந்தது என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கலிகுலாவை எழுதியவர்கள் பலரும் தங்கள் காலத்தைப் பற்றியே எழுதினார்கள். 1894இல் லுட்விக் க்விட்டே ரோமானியப் பேரரசர்களின் வெறியைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜெர்மனியில் படித்தவர் எல்லோருக்கும் அது கைசர் இரண்டாம் வில்லியமைப் பற்றியது என்று புரிந்தது. க்விட்டேயின் கல்வித்துறை வாழ்க்கை அதோடு முடிந்தது. 1927இல் அவருக்கு அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஆல்பெர் காமுவின் நாடகம் 1945இல் பாரிஸில் மேடையேறியபோது, போரைக் கண்டு வந்த பார்வையாளர்கள் அதில் ஹிட்லர் காலத்தைக் கண்டார்கள். ஹாலிவுட்டோ கலிகுலாவைக் கிறித்தவர்களின் எதிரியாக மட்டும் வைத்துக்கொண்டது. சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்த முதல் படமான ‘தி ரோப்’ (1953) அதற்கு எடுத்துக்காட்டு. 1976இல் பிபிசி ஒளிபரப்பிய ‘ஐ, கிளாடியஸ்’ தொடரில் ஜான் ஹர்ட் நடித்த கலிகுலாதான் சிறு திரையில் நிலைத்த முகம்.

அதே 1976இல்தான் ரோமில் ‘கலிகுலா’ படப்பிடிப்பு நடந்தது. திட்டத்தின் தொடக்கம் இயக்குநர் ரொபெர்ட்டோ ரோசெல்லினியின் பழைய எண்ணம் ஒன்றில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தவர் அவருடைய உறவினரான தயாரிப்பாளர் ஃபிராங்கோ ரோசெல்லினி. திரைக்கதை எழுத அமெரிக்க நாவலாசிரியர் கோர் விடால் ஒப்புக்கொண்டார். பணம் தேடியபோது வந்து சேர்ந்தவர் பாப் குச்சியோனே, ‘பெண்ட்ஹவுஸ்’ என்ற பாலியல் இதழின் நிறுவனர். ‘சைனாடவுன்’ போன்ற படங்களில் அவருடைய நிறுவனம் முதலீடு செய்திருந்தது. இப்போது தானே முழுமையாக ஒரு படத்தைத் தயாரிக்க விரும்பினார். பெரும் வரலாற்றுப் படமும் பெரியவர்களுக்கான பாலியல் படமும் ஒன்றாகும் காலம் வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. 1970களின் முற்பகுதியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அப்பட்டமான பாலியல் படங்கள் பொதுப் பார்வையாளர்களையும் இழுத்திருந்ததால் அந்தக் கணக்கு அன்று அத்தனை விசித்திரமாகத் தோன்றவில்லை.

விடால், இயக்குநர் பிராஸ், குச்சியோனே ஆகிய மூவரும் மூன்று வேறு படங்களை மனத்தில் வைத்திருந்தார்கள். விடாலின் கலிகுலா, இயல்பில் கெட்டவன் அல்ல. எல்லையற்ற அதிகாரம் கையில் விழுந்ததால் சிதைகிறவன். ரோமைச் சாக்காக வைத்து எல்லாக் காலத்து ஆட்சியையும் பேசுவது அவர் நோக்கம். இயக்குநராக வந்த டின்டோ பிராஸ் அந்தத் திரைக்கதையை மாற்றி எழுதினார். அவருக்குக் கலிகுலா பிறவியிலேயே கோணலானவன். அதிகாரமே ஒரு களியாட்டம், அரசவையே ஒரு கேலிக்கூத்து. குச்சியோனேவுக்கு இரண்டும் முக்கியமல்ல. தன் இதழின் வாசகர்கள் எதிர்பார்க்கும் காட்சிகள் இருந்தால் போதும். முதலில் மோதியவர்கள் எழுத்தாளரும் இயக்குநரும். படத்தின் உண்மையான படைப்பாளி எழுத்தாளர்தான், இயக்குநர்கள் ஒட்டுண்ணிகள் என்ற பொருள்பட விடால் ஒரு பேட்டியில் சொல்ல, பிராஸ் அவரைப் படப்பிடிப்பிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றார், அவ்வாறே நடந்தது. ‘கோர் விடாலின் கலிகுலா’ என்று வைக்க இருந்த தலைப்பிலிருந்து அவர் பெயர் நீங்கியது. அவரும் நீக்கத்தான் கேட்டார்.

படப்பிடிப்பு ஏறத்தாழ முழுவதும் ரோமின் டியர் ஸ்டுடியோ அரங்குகளுக்குள் நடந்தது. கலை இயக்கமும் உடையும் டானிலோ டொனாட்டி. ஃபெல்லினியின் ‘சத்திரிகான்’, ‘கசனோவா’ படங்களை வடிவமைத்தவர். அவர் அமைத்த ரோம், தொல்பொருள் ஆய்வாளர் காட்டும் ரோம் அல்ல. வானமே இல்லாத நகரம் அது. கறுப்புத் தரைகள், மேற்கூரை கண்ணுக்கு எட்டாத கூடங்கள், ஒரு கட்டடம் உயரத்துக்கு எழும் படிகள். வெளியேற வழியில்லாத ஓர் அடைப்புக்குள் எல்லோரும் வாழ்வதாக ஓர் உணர்வு முதல் காட்சியிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. படத்தில் எது தோற்றாலும் இந்த வடிவமைப்பு தோற்கவில்லை.

அதற்குச் சான்று கொலை எந்திரக் காட்சி. மண் தரையில் மனிதர்கள் கழுத்தளவு புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. எதிரே ஒரு கோட்டைச் சுவர் அளவுக்கு உயர்ந்த செந்நிற அமைப்பு, மேல் தட்டுகளில் ஆட்களைச் சுமந்தபடி மெல்ல நகர்ந்து வருகிறது. அடியில், தரையை ஒட்டிக் கத்திகள் சுழல்கின்றன. இருக்கைகளில் கூட்டம் ஆரவாரிக்கிறது. புதைந்த தலைகள்மீது கையில் கிடைத்ததை எறிகிறது. தலைகளில் ஒன்று, கலிகுலாவை அரசனாக்கிய மாக்ரோவுடையது. எந்தப் பழைய நூலிலும் இப்படி ஓர் எந்திரம் இல்லை. மாக்ரோ இப்படிச் சாகவும் இல்லை. ஆனால் தண்டனையை விழாவாக்கிய ரோமை, மனிதனைப் புல்லாகப் பார்க்கும் அரசை, இதைவிடச் சுருக்கமாகத் திரையில் சொல்லிவிட முடியாது. கற்பனை வரலாற்றுக்கு உண்மையாக இருக்கும் அரிய இடம் இது.

இதற்கு நேர் எதிரான சிறப்பு, காப்ரிப் பகுதியில் கில்குட்டின் நெர்வா இறக்கும் காட்சி. நீர் நிறைந்த தொட்டியில் மணிக்கட்டு நரம்பை வெட்டிக்கொண்டு முதியவர் அமைதியாகக் கிடக்கிறார். நண்பனான திபேரியஸ் பதறுகிறான். ஏன் என்று கேட்கிறான். நெர்வாவின் காரணம் எளியது: இனி வரப்போவதைக் காண விருப்பமில்லை. வரலாற்று நெர்வா 33இல் உண்ணாமல் இருந்து உயிர்விட்டவர். முறை மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. முகமெல்லாம் புண்ணான திபேரியஸாக ஓ’டூல் வெறுப்பும் தனிமையும் கலந்த ஒரு கிழவனைக் காட்டுகிறார். அவன் முன்னால் படைவீரன் காலணியோடு நடனமாடும் இளம் கலிகுலாவின் கண்களில் மெக்டவல் கொண்டுவரும் அச்சம், பின்னர் அவன் செய்வதற்கெல்லாம் வேர். இந்த முதல் ஒரு மணிநேரத்தில் ஒரு நல்ல படம் இருக்கிறது.

மூல நூல்களைப் படம் கையாண்ட விதம் சீரானதல்ல. திபேரியஸை மாக்ரோ நெரித்துக் கொல்வது டாசிட்டஸ் பதிவுசெய்த வதந்திக்கு அருகில் நிற்கிறது. திருமண விருந்தில் மணப்பெண்ணையும் மணமகனையும் கலிகுலா சிதைக்கும் கொடூரக் காட்சி, சூட்டோனியஸ் தனித்தனியே சொல்லும் இரண்டு மனிதர்களின் கதைகளை ஒன்றாக்கியது. உயர்குடிப் பெண்களை வைத்து அரண்மனையில் விலைமாதர் கூடம் நடத்தினான் என்ற செய்தி, படத்தில் ஒரு பெரிய கப்பலாகிறது. பிரித்தானியப் படையெடுப்பு நாணல் புதரைத் தாக்கும் கூத்தாகிறது. நூல்கள் சொல்வது, கடற்கரையில் வீரர்களைச் சிப்பி பொறுக்கச் செய்ததை. இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய குற்றமில்லை. விடுபட்டதுதான் பெருங்குறை. ஃபைலோவும் அலெக்சாந்திரியாவும் எருசலேமும் படத்தில் இல்லை. கணக்கு வெளியிட்ட, கால்வாய் வெட்டிய முதல் ஆண்டுக் கலிகுலா மின்னல்போல் மறைகிறான். செனட் அவையினர் பின்னணிக் கூட்டமாகவே நிற்கிறார்கள். அவர்களுடைய கோழைத்தனத்துக்கு ஒரு முகம் கிடைப்பதில்லை. கலிகுலாவைச் சாத்தியமாக்கியது அந்தக் கோழைத்தனம்தான் என்பதால், இந்த இழப்பு படத்தின் முதுகெலும்பையே தொடுகிறது.

1976 இறுதியில் படப்பிடிப்பு முடிந்தது. பிராஸ் தொகுக்கத் தொடங்கி, முற்பகுதியை மட்டும் முடித்த நிலையில் குச்சியோனே அவரை நீக்கினார். முன்னதாகவே, 1977 தொடக்கத்தில், அதே அரங்குகளுக்குள் சிறு குழுவோடு நுழைந்து, தன் இதழின் அழகிகளை வைத்து அப்பட்டமான பாலியல் காட்சிகளைத் தனியே எடுத்துவைத்திருந்தார். பிராஸ் எடுத்த காட்சிகளுக்கு நடுவே அவை செருகப்பட்டன. நடிகர்கள் யாருக்கும் இது தெரியாது. ஓர் அறையில் மெக்டவலும் துருசில்லாவாக நடித்த சவாயும் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் பார்க்கும் திசையில் அவர்கள் பார்த்திராத ஒன்று வெட்டி ஒட்டப்படுகிறது. இதுவே இந்தப் படத்தின் உண்மையான அநீதி. ஒரு நடிகரின் பார்வைக்கு எதிரே அவர் ஒப்புக்கொள்ளாத காட்சியை வைப்பது அவர் நடிப்பின் பொருளையே மாற்றிவிடுவது. தொகுப்பிலும் தொடர்ச்சி குலைந்தது: காட்சிகள் இடம் மாறின, மாத்திரைக்கணக்கில் நறுக்கப்பட்டன. இசையமைப்பாளர் புரூனோ நிகோலாய் புனைபெயரில் ஒளிந்துகொண்டார். மிகப் பெரிய இசைத் தருணங்கள் அவருடையவையும் அல்ல. கச்சதூரியனின் ‘ஸ்பார்ட்டகஸ்’, புரோகோஃபியெவின் ‘ரோமியோ ஜூலியட்’ ஆகிய பாலே இசைகளிலிருந்து எடுத்தவை. அடிமைக் கிளர்ச்சியின் இசை கொடுங்கோலனின் முகப்புப் பாட்டாக ஒலிக்கிறது.

156 நிமிட நீளத்தில் படம் வெளிவந்தது. ரோமில் திரையிட்ட சில நாள்களிலேயே அரசு வழக்கறிஞர் ஆணையால் படச்சுருள்கள் கைப்பற்றப்பட்டன. அமெரிக்காவில் குச்சியோனே தணிக்கை மதிப்பீட்டு வாரியத்திடம் போகவே இல்லை. நியூயார்க்கில் ஒரு திரையரங்கை வாடகைக்கு எடுத்து, அதற்குத் தன் இதழின் பெயரையே சூட்டி, வழக்கத்தைவிட உயர்ந்த 7.50 டாலர் கட்டணத்தில் ஓட்டினார். விமர்சகர்கள் ஏறத்தாழ ஒருமித்துச் சாடினார்கள். ராஜர் ஈபர்ட் இரண்டு மணிநேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியேறி, ஒரு நட்சத்திரமும் தராமல் எழுதினார். கூட்டம் குறையவில்லை, அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல் வசூலானது.

வழக்குகளில் முக்கியமானது பாஸ்டன் நகரில் நடந்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, ஒரு படைப்பு ஆபாசம் என்று தண்டிக்கப்பட வேண்டுமானால், இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் ஆகிய எந்த வகையிலும் அதற்குக் கனமான மதிப்பு இருக்கக் கூடாது. 1980இல் படச்சுருள் பறிமுதலானபோது, தயாரிப்புத் தரப்பு அரசியல் அறிஞர் ஆண்ட்ரூ ஹேக்கரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது. கட்டற்ற அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்பதை இந்தப் படம் காட்டுகிறது என்றார் அவர். கலை மதிப்போ அறிவியல் மதிப்போ இதில் இல்லை, ஆனால் அரசியல் மதிப்பு உண்டு என்று நீதிமன்றம் முடிவுசெய்து படத்தை விடுவித்தது. அட்லாண்டாவிலும் படம் ஆபாசமல்ல என்று தீர்ப்பாயிற்று. பாஸ்டன் தீர்ப்பை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். படத்தைக் காப்பாற்றிய கருத்து விடாலுடையது. தன் பெயரை எடுத்துவிடச் சொன்ன எழுத்தாளரின் எண்ணம், அவரை வெளியே தள்ளியவரின் பணத்தையும் சுதந்திரத்தையும் நீதிமன்றத்தில் மீட்டுத் தந்தது.

பிரிட்டனில் தணிக்கை வாரியம் படத்தைப் பல இடங்களில் வெட்டியும் மாற்றியும்தான் அனுமதித்தது. முழுப் படம் அங்கே 2008இல்தான் சட்டப்படி வெளியானது. அமெரிக்காவிலேயே 1981இல் சுருக்கிய பதிப்பு ஒன்று வந்தது. பாலியல் செருகல்கள் நீங்கினால் படம் தேறிவிடும் என்ற நம்பிக்கை அதில் பொய்த்தது. தொகுப்பு குலைந்த ஒரு படத்திலிருந்து இன்னும் கொஞ்சம் வெட்டினால் குலைவு கூடுமே தவிரக் குறையாது.

உண்மையான மாற்றம் 2023இல் நிகழ்ந்தது. 90 மணிநேரத்துக்கும் மேற்பட்ட மூலப் படச்சுருள்கள் காப்பகத்தில் அழியாமல் கிடந்தன. தயாரிப்பாளர் தாமஸ் நெகோவன் அவற்றை முழுதாகப் பார்த்து, விடாலின் திரைக்கதையை வழிகாட்டியாக வைத்து, ‘அல்டிமேட் கட்’ என்ற பெயரில் 178 நிமிடப் பதிப்பை உருவாக்கினார். கேன் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில் அது முதலில் திரையிடப்பட்டது. 1980இல் பார்வையாளர் கண்ட ஒரு சட்டகம்கூட அதில் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வேறு எடுப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குச்சியோனே எடுத்த செருகல்கள் முற்றாக நீங்கின. இசையும் தொடக்க ஓவியங்களும் புதியவை. பயன் முதலில் தெரிவது நடிப்பில். ஹெலன் மிர்ரனின் கேசோனியா பழைய பதிப்பில் அழகுக்கு நின்ற துணைவி. இதிலோ அவள் கணவனின் அறிவையும் அழிவையும் ஒருங்கே கண்டுகொண்டு பக்கத்திலேயே இருக்கும் பெண். மெக்டவலின் கலிகுலாவும் அச்சத்திலிருந்து விளையாட்டுக்கும், விளையாட்டிலிருந்து கொடுமைக்கும் படிப்படியாக நகர்கிறான். மனிதர்கள் எவ்வளவு தூரம் பணிவார்கள் என்று சோதித்துப் பார்க்கும் இளைஞன் அவனுக்குள் இப்போது தெரிகிறான். வின்டர்லிங் வரைந்த கலிகுலாவுக்கு இவன் பழைய பதிப்பில் இருந்தவனைவிடப் பல மடங்கு நெருக்கமானவன். படத்தின் வன்முறை குறையவில்லை, நிர்வாணமும் குறையவில்லை. இவற்றுக்குக் காரணம் கிடைத்திருக்கிறது. செனட்டுக்கு முகம் இல்லாத குறை மட்டும் அப்படியே நிற்கிறது. அது எடுக்கப்படவே இல்லை என்பதால் எந்தத் தொகுப்பாலும் அதைச் சரிசெய்ய இயலாது.

இந்தப் பதிப்பு விடாலின் படமும் அல்ல, பிராஸின் படமும் அல்ல. விடால் 2012இல் மறைந்துவிட்டார். குச்சியோனே அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மறைந்தார். பிராஸுக்கு இந்தத் தொகுப்பில் பங்கு இல்லை. தன் எண்ணத்துக்கு இதில் இடமில்லை என்று கூறி 2023லும் அவர் இதை ஏற்க மறுத்தார்.